பதின்மூன்றாம் செவ்வாய்

ஜூன் பதின்மூன்றில் வர வேண்டிய அந்தோனியார்
எங்கள் நடுக்கணக்கில்
பத்தாம் தேதிச் சம்பளம் கைக்கு வந்த பிறகு
ஒரு ஞாயிறு பார்த்துத்தான் வருவார்.
கொடியேறிய நாள் முதல் மழை.
கொடித்துணி காயவேயில்லை,
ஈரப் படங்குச் சாக்கைப் போல
கம்பத்தில் ஒட்டிக் கிடக்கிறது.

கோப்பிக் காலத்தில்
மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த கூட்டத்தில்
எவளோ ஒருத்தியின் தலைச்சுமையில் வந்தவராம்.
வழியில் விழுந்தவர்களுக்குப்
பங்குப் புத்தகத்தில் கணக்கில்லை.
இவருக்கு ஒரு விரல் போனது,
அது எழுதியிருக்கிறது.
லீலி மலர் போனது கலவரத்தில்.
இப்போது கானோரத்து வெள்ளைப் பூ ஒன்றைப்
பறித்துச் செருகுகிறோம்.
சப்பரத்தில் ஏற்றினால் கொஞ்சம் ஆடுவார்;
அடிப்பலகை பிளந்துவிட்டது.

செவ்வாய் நவநாளில்
விண்ணப்பப் பெட்டியைத் திறப்பது என் வேலை.
சாமியாருக்கு எங்கள் கையெழுத்து மெதுவாகத்தான் ஓடும்.
பிரித்து அடுக்குவதும் வாசிப்பதும் நான்தான்.
தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் அல்லவா,
இப்படியெல்லாம் வரும்:

சேமலாபக் கந்தோரில் ராசாயி வேறு ரசாயி வேறாம்,
பத்திரத்தில் விழுந்துபோன அந்தக் காலை எடுத்துத் தாரும்.

சவுதிக்குப் போன அம்மாவின் முகம்
தங்கச்சிக்கு மறந்துபோச்சு.

சிவப்புச் சேவல் ஒன்று.
மாடசாமிக்கு நேர்ந்தது, அதை மனசில் வைக்காதேயும்.

பதின்மூன்றாம் செவ்வாய்
நீல உறை ஒன்று இருந்தது.
கோயில் விலாசத்துக்கு மடுல்சீமையிலிருந்து வந்ததை
உபதேசியார் பெட்டியில் போட்டிருக்கிறார்.
உள்ளே போட்டோக் கொப்பி.
கோயில் கோயிலாக அனுப்புகிறான் போலும்.
மனைவி பிலோமினா, போய் மூன்று வருஷம்,
இடது புருவத்தில் தழும்பு,
காட்டிக்கொடுத்தால் நூறு மெழுகுதிரி,
இப்படிக்கு இஞ்ஞாசி.
தழும்பு எப்படி வந்ததென்று
எழுதவில்லை.

அதற்குக் கீழேயே
கொழுந்துச் சிட்டையின் முதுகில், பென்சிலில்,
தாள் கிழிகிற அழுத்தத்தில்:
அந்தோனியாரே, உமக்கு எல்லாம் தெரியும்.
என்னை மட்டும் தேடாதேயும்.

திருப்பிப் பார்த்தேன்.
பத்தொன்பது கிலோ. பேர் நம்பர் நூற்று நாற்பத்தொன்று.
எட்டாம் மலையில் எனக்கு அடுத்த நிரை.
வெயிலே இல்லாத நாளிலும்
முக்காட்டைப் புருவம் மறைய இழுத்துக் கட்டுகிறவள்.
பெரட்டில் செலஸ்தீனா என்று கூப்பிட்டால்
ஒரு மூச்சு தாமதித்துத்தான் திரும்புவாள்.
காது மந்தம் என்று
சிரித்திருக்கிறோம்.

மூன்றாம் வரிசையில் முழங்காலில் இருந்தாள்.
சாமியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
காலை வாசித்தேன். அம்மாவின் முகத்தை வாசித்தேன்.
சேவலுக்குக் கோயிலே சிரித்தது, அவளும்தான்.
பிறகு, இவ்வளவுதான் என்றேன்.

எல்லோரும் போனபின்
சிட்டையை விளக்கில் காட்டினேன்.
நீலத் தாளை மட்டும்
நாலாய் எட்டாய் மடித்து
சப்பரத்தில் அந்தோனியாரின் அடிப்பலகைக்குக் கீழே
செருகினேன்.
ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில்
ஒரு கடிதம் திருடினேன் சுவாமி என்றேன்.
யாருடையது?
அந்தோனியாருக்கு வந்தது.
கிராதிக்கு அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
அவரிடமே கொடுத்துவிடு.
அவர் காலடியில்தான் இருக்கிறது சுவாமி.

ஞாயிறு, செருப்பு நிற்காத சேற்றில்
லயத்துக்கு லயம் சப்பரம் போனது.
இந்த வருஷம் அசையாமல் வருகிறாரே என்றான்
முன்கம்பு தூக்கிய சவரிமுத்து.
தோட்டத்துக் கச்சானும் கற்பூரமும் நனைந்த வாசம்.
அவள் உப்பும் மிளகும் போட்டுவிட்டு
நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்,
கடன்காரனைப் பார்ப்பது போல.

திங்கள், பெரட்டில்,
கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டார்.
செலஸ்தீனா.
ஒரு மூச்சு.
இரண்டாம் தடவை அவர் வாய் திறப்பதற்குள்
அவள் முழங்கையை
மெல்லத் தட்டினேன்.